யார், எப்போது? மனச்சிதைவு நோயும் தற்கொலை ஆபத்தும்

மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் எத்தனை பேர் தற்கொலையால் இறக்கிறார்கள், ஏன் இறக்கிறார்கள், தடுக்க வழி உண்டா என்ற கேள்விக்கு வயது நூறுக்கு மேல். 1908இல் இந்நோய்க்கு 'ஸ்கிசோஃப்ரினியா' என்று பெயரிட்ட சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர், 1911இல் வெளிவந்த தம் நூலிலேயே இதை எழுப்பிவிட்டார். நோயின் அறிகுறிகளில் மிகக் கடுமையானது தற்கொலை உந்துதல்தான் என்பது அவர் கருத்து. அதை ஒட்டி அவர் எழுதியதுதான் இன்றும் மருத்துவர்களைச் சங்கடப்படுத்துகிறது. எப்பாடுபட்டாவது உயிரைக் காத்தாக வேண்டும் என்ற கடமையின் பெயரால் நோயாளிகளைக் கட்டுப்படுத்துவதும் ஓயாமல் கண்காணிப்பதும் பெரும் கொடுமை, அந்தக் கொடுமையைச் சமூகம் மருத்துவர் கையால் செய்விக்கிறது என்று அவர் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார்.

ஆபத்து உண்மையானது; அதற்கு மருந்தாகப் பூட்டைப் போடுவதும் ஆபத்து. பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில் வழி தேடியவைதான். அவற்றை வரிசையாகப் படிக்கும்போது ஒன்று தென்படுகிறது. 'யார் இறக்கக்கூடும்' என்று தேடியவர்களுக்குக் கிடைத்ததைவிட, 'எப்போது ஆபத்து கூடுகிறது' என்று தேடியவர்களுக்குக் கிடைத்தது அதிகம். இந்த முடிவுக்கு வர, பல காலமாகத் தவறாகச் சொல்லப்பட்ட ஓர் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

பத்து சதவீதம் எங்கிருந்து வந்தது?

மருத்துவப் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்த கணக்கு, மனச்சிதைவு உள்ளவர்களில் பத்தில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார் என்பது. 1977இல் சார்ல்ஸ் மைல்ஸ் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட எண் அது. 1990இல் கால்ட்வெல், காட்டஸ்மன் இருவரும் எழுதிய திறனாய்வும் அதே அளவைச் சொல்ல, எண் நிலைபெற்றுவிட்டது.

கணக்கிட்ட முறையில்தான் கோளாறு. நோய் தொடங்கியவர்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்கிறார்கள். அதற்குள் இறந்தவர்களில் எத்தனை பேர் தற்கொலை என்று பார்த்து, அந்த விகிதத்தை ஆயுள் முழுமைக்கும் விரிக்கிறார்கள். இளம் வயதில் மாரடைப்பால் இறப்பவர் குறைவு. ஆகவே அந்த வயதில் நேரும் மரணங்களில் தற்கொலையின் பங்கு இயல்பாகவே பெரிதாகத் தெரியும். மிச்சமிருப்பவர்கள் அறுபது, எழுபது வயதில் வேறு காரணங்களால் இறப்பது கணக்கில் ஏறுவதே இல்லை. போதாக்குறைக்கு, ஆய்வுக்கு வந்தவர்களில் பலர் மருத்துவமனையில் சேர்க்கும் அளவு நோய் முற்றியவர்கள்.

1998இல் பிரிட்டனின் இன்ஸ்கிப், ஹாரிஸ், பாரக்ளஃப் மூவரும் இந்தப் பிழையைத் திருத்திக் கணக்கிட்டபோது வாழ்நாள் ஆபத்து 4 சதவீதமாக இறங்கியது. 2005இல் பால்மரும் உடனிருந்தோரும் 4.9 சதவீதம் என்றனர். மக்கள் அனைவரையும் பதிவேட்டில் வைத்திருக்கும் டென்மார்க்கில் மெரெட்டே நோர்டென்டாஃப்ட் குழுவினர் முதல் மனநல சிகிச்சையிலிருந்து முப்பத்தாறு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட கணக்கில் ஆண்களுக்கு 6.55, பெண்களுக்கு 4.91 சதவீதம் வந்தது. மனநோயே இல்லாத டேனிஷ் ஆண்களுக்கு அது 0.72, பெண்களுக்கு 0.26.

எனவே இப்போது சொல்லத்தக்கது ஏறத்தாழ இருபதில் ஒருவர் என்பதே. பழைய எண்ணில் பாதி. ஆனாலும் பொதுமக்களோடு ஒப்பிட்டால் பல மடங்கு. வீட்டாரிடம் பேசும் மருத்துவர் இதன் இரண்டு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: ஆபத்து கூடுதல்தான், ஆனால் பெரும்பாலோர் இந்த வழியில் இறப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பதினான்கு, பதினைந்து ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். அந்த இழப்பில் பெரும்பங்கு இதய நோய், நுரையீரல் நோய், கவனிக்கப்படாத சர்க்கரை ஆகியவற்றுடையது. தற்கொலையைப் பற்றி மட்டும் பேசும் கட்டுரைகள், இதையும் சேர்த்து, இந்த இடத்தில் ஒரு கணம் தயங்குவது நல்லது.

காப்பகங்கள் காத்தனவா?

2006இல் வேல்ஸில் பணிபுரிந்த மருத்துவர் டேவிட் ஹீலியும் சக ஆய்வாளர்களும் ஒரு சர்ச்சையைக் கிளப்பினர். வட வேல்ஸின் டென்பி மனநலக் காப்பகத்தில் 1875 முதல் 1924 வரை சேர்க்கப்பட்டவர்களின் ஏடுகளை எடுத்து, 1994 முதல் 1998 வரை அதே வட்டாரத்தில் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். பழைய காலத்து மனச்சிதைவு நோயாளிகளிடம் வாழ்நாள் தற்கொலை விகிதம் அரை சதவீதத்துக்கும் கீழே இருந்தது. நவீன காலத்தில் அது பன்மடங்கு உயர்ந்திருந்தது. மருந்துகளும் புதிய சிகிச்சை முறையும் வந்த பிறகு நிலைமை மோசமாகிவிட்டதா என்று கேட்கத் தூண்டும் முடிவு இது.

எதிர்வாதங்கள் வலுவானவை. காப்பகத்துக்குள் போனவர் பலர் உயிரோடு வெளியே வரவில்லை. காசநோய் போன்றவை முந்திக்கொண்டன. நோய் தொடங்கிப் பல காலம் கழித்தே பலர் அங்கே கொண்டுவரப்பட்டனர். ஆபத்து மிகுந்த தொடக்க ஆண்டுகளில் வீட்டில் இறந்தவர்கள் ஏட்டில் இருக்க வழியில்லை. நூறாண்டு இடைவெளியில் நோயறியும் முறையும் மாறிவிட்டது. இவற்றையெல்லாம் கழித்துவிட்டால், ஹீலியின் எண்களை மருந்துக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவது கடினம். உயர்ந்த சுவருக்குள் தற்கொலை குறையலாம் என்பதை மட்டும் மறுக்க முடியாது.

அந்தச் சுவரின் விலை என்னவென்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதி தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். ஓடிவிடுவார்கள், தங்களுக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்வார்கள் என்பதுதான் சங்கிலிக்கு எப்போதும் சொல்லப்படும் நியாயம்.

குரல்கள் மீது விழும் பழி

'குரல் சொல்லிச்சாம், அதான் செஞ்சுட்டான்' என்பது ஊர் வழக்கில் உள்ள விளக்கம். காதில் ஆணையிடும் குரல்கள் கேட்பது இந்நோயின் அச்சமூட்டும் அறிகுறி. திரைப்படங்களுக்கும் அதுவே தோது. சிலரிடம் அது உண்மையாகவே காரணமாக இருந்திருக்கிறது. ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் குரல்களின் பங்கு எதிர்பார்த்ததைவிடச் சிறியது. 2005இல் ஆக்ஸ்ஃபோர்டின் கீத் ஹாட்டன் தலைமையில் வெளிவந்த திறனாய்வு, மாயக்குரல்கள் கேட்பவர்களிடம் தற்கொலை ஆபத்து குறைவு என்றே காட்டியது. ஆணையிடும் குரல்களைத் தனியே ஆராய்ந்த ஹார்க்கவி-ஃபிரீட்மன் குழுவினர், ஏற்கெனவே முயற்சி செய்தவர்களுக்கே அவை கூடுதல் ஆபத்து என்ற முடிவுக்கு வந்தனர்.

ஹாட்டன் தொகுப்பில் மேலே நின்றவை வேறு: முன்பு வந்த மனச்சோர்வு, முன்னர் செய்த முயற்சி, போதைப் பழக்கம், உடல் அமைதியின்மை, புத்தி சிதைந்துபோய்விடுமோ என்ற அச்சம், மருந்தை நிறுத்துவது, அண்மையில் நேர்ந்த இழப்பு. இவற்றில் பாதி எவருக்கும் பொருந்துபவை. அதாவது, இந்நோயாளிகளும் மற்ற மனிதர்களைப் போலத் துயரத்தாலேயே பெரும்பாலும் இறக்கிறார்கள். எண்பதுகளில் ராபர்ட் டிரேக்கும் சகாக்களும் நம்பிக்கையின்மைதான் மையம் என்று வாதிட்டது இந்தத் தடத்தில்தான்.

அப்படியானால் துயரத்தை ஏன் நாம் காண்பதில்லை? நோயின் இன்னொரு முகம் அதை மறைக்கிறது. பேச்சு குறைந்து, முகத்தில் அசைவற்று, எதிலும் நாட்டமின்றி ஒருவர் உட்கார்ந்திருந்தால் அது உணர்ச்சி வற்றிய நிலையா, ஆழ்ந்த சோகமா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. இரண்டும் வெளியே ஒன்றுபோல இருக்கும். இவற்றைப் பிரித்தறியவென்றே கனடாவின் கால்கரியில் 1990இல் ஒரு தனி அளவுகோலை உருவாக்கினார்கள். உணர்ச்சி வற்றியவர்களிடம் தற்கொலை குறைவு, சந்தேகமும் அச்சமும் மேலோங்கி அறிவும் உணர்ச்சியும் கூர்மையாக எஞ்சியவர்களிடம் கூடுதல் என்று அமெரிக்காவின் செஸ்ட்நட் லாட்ஜ் மருத்துவமனை ஆய்வு காட்டியது. அதை வைத்துப் பார்த்தால் இந்தப் பிரித்தறிதல் ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

பட்டியலில் உள்ள 'உடல் அமைதியின்மை' தனியே கவனிக்க வேண்டியது. மனநோய் மருந்துகள் சிலருக்கு அக்கதீசியா என்ற பக்க விளைவைத் தருகின்றன. புறநோயாளிப் பிரிவின் பெஞ்சில் ஒருவர் உட்காருவார், எழுவார், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதிப்பார், வராந்தாவில் பத்தடி நடந்து திரும்புவார். 'கால் ஓரிடத்துல நிக்க மாட்டேங்குது, உள்ளுக்குள்ள என்னவோ பண்ணுது' என்பார். பார்ப்பவருக்கு நோய் முற்றியதுபோலத் தோன்றும். மருந்தின் அளவைக் கூட்டச் சொல்வார்கள், வேதனை இன்னும் ஏறும். தாங்க முடியாத இந்த நிலையைத் தற்கொலை முயற்சிகளோடு இணைத்து 1985இலேயே டிரேக்கும் எர்லிக்கும் எழுதினார்கள். ஆதாரம் இன்றுவரை கலவையானதுதான். ஆனாலும் மருந்தைக் குறைத்தோ மாற்றியோ, புரோபிரானலால் போன்ற எளிய மாத்திரையாலோ தீர்க்கக்கூடிய ஆபத்துக் காரணிகள் இந்தப் பட்டியலில் அதிகமில்லை. இதைக் கேட்டு அறியாமல் விடுவதற்கு எந்தச் சாக்கும் பொருந்தாது.

தனக்கு நோய் என்று அறிவது

'எனக்கு ஒண்ணுமில்ல, மாத்திரை எதுக்கு?' என்று மறுப்பது இந்நோயில் மிகச் சாதாரணம். மறுப்பு மறைந்து, தமக்கு நோய் இருப்பதை அவர் உணரத் தொடங்குவதைச் சிகிச்சையின் வெற்றியாக மருத்துவமும் குடும்பமும் கருதுகின்றன. ஆய்வுகள் இந்த இடத்தில் ஒரு முள்ளை வைத்தன.

1984இல் டிரேக் குழுவினர் வரைந்த சித்திரம் பரவலாக அறியப்பட்டது: ஆபத்து மிகுந்தவர் இளைஞர், ஆண், கல்லூரிப் படிப்பு உள்ளவர், தன்னிடம் தானே நிறைய எதிர்பார்த்தவர், நோய் தன்னை எங்கே கொண்டுவிட்டது என்பதை நன்கு உணர்ந்தவர். 2005இல் டப்ளினிலிருந்து வந்த கிரம்லிஷ் குழுவின் ஆய்வு இதைக் காலவரிசையில் நிறுத்தியது. முதல் முறை நோய் கண்டவர்களில், ஆறு மாதத்தில் நோயை உணர்ந்தவர்களுக்கு நான்காம் ஆண்டில் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் கூடுதலாக இருந்தன. நோய் அடங்கியபின் வரும் இந்த மனச்சோர்வு உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் தனிப் பிரிவாகவே இடம்பெற்றிருக்கிறது. பிரிட்டனின் மேக்ஸ் பர்ச்வுட் அதை இழப்பு, அவமானம், மீள வழியில்லாமல் சிக்கிக்கொண்ட உணர்வு என்று விளக்கினார்.

இதை வைத்து 'உணராமலே இருக்கட்டும்' என்று முடிவுகட்டினால் அது பெரும் பிழை. நோயை உணராதவர் மருந்தை நிறுத்துவார். மருந்தை நிறுத்துவது ஆபத்துப் பட்டியலில் ஏற்கெனவே உள்ளது. 2004இல் பூர்ஷ்வா குழுவினர் பெரிய மருந்தாய்வு ஒன்றின் தரவைப் பிரித்துப் பார்த்தபோது முடிச்சு கொஞ்சம் அவிழ்ந்தது. சிகிச்சைக்கு முன்பே இருந்த நோயுணர்வு ஆபத்தோடு சேர்ந்திருந்தது. ஆனால் அந்தத் தொடர்பு பெரும்பாலும் மனச்சோர்வும் நம்பிக்கையின்மையும் வழியாகவே வந்தது. சிகிச்சையின்போது வளர்ந்த நோயுணர்வோ ஆபத்தைக் குறைத்தது. லைசேக்கர், ரோ, யானோஸ் மூவரும் 2007இல் இன்னொரு துண்டைச் சேர்த்தனர்: நோயை உணர்ந்தவர் ஊரார் அந்நோயைப் பற்றிச் சொல்லும் இழிவையும் தம்முடையதாக ஏற்றுக்கொண்டாரா என்பதைப் பொறுத்தே அவருடைய நம்பிக்கையும் தன்மதிப்பும் குலைகின்றன.

இந்த நிலைப்பாடுகளில் எனக்கு வலுவாகப் படுவது கடைசி ஒன்று. நோய் என்று தெரிந்துகொள்வதோடு 'பைத்தியம், இனி எதற்கும் உதவான்' என்ற தீர்ப்பும் சேர்ந்தே வந்தால் தெரிந்துகொள்வது விஷமாகிறது. ஆனால் இவை எல்லாமே தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். காரணத்தை நிறுவியவை அல்ல.

டிரேக்கின் சித்திரத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அது அமெரிக்காவில் வரையப்பட்டது. 2004இல் மைக்கேல் ஃபிலிப்ஸ் குழுவினர் சீனாவின் நிலையை ஆராய்ந்தபோது படம் வேறாக இருந்தது. அங்கே நோயே பெண்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது. நாட்டின் தற்கொலைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று இந்நோய் உள்ளவர்களுடையது. கல்லூரி படித்த இளைஞனை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்ட மருத்துவர், நாற்பது வயதில் கிராமத்தில் தனித்து விடப்பட்ட பெண்ணைக் கவனிக்காமல் போகலாம்.

வீடு திரும்பிய பிறகு

காலம் பற்றிய ஆய்வுகளுக்கு வரும்போதுதான் முடிவுகள் ஒரே திசையில் செல்லத் தொடங்குகின்றன. பிங் சின், நோர்டென்டாஃப்ட் இருவரும் 2005இல் டென்மார்க் பதிவேடுகளிலிருந்து இரண்டு சிகரங்களைக் காட்டினர்: மனநல மருத்துவமனையில் சேர்ந்த முதல் வாரம், வெளியேறிய முதல் வாரம். இது எல்லா மனநோய்க்கும் சேர்ந்த கணக்கு என்றாலும் மனச்சிதைவுக்கும் பொருந்துகிறது. பிரிட்டனில் லூயிஸ் ஆப்பிள்பி தலைமையில் தொண்ணூறுகளிலிருந்து நடந்துவரும் தேசிய ரகசிய விசாரணை, சிகிச்சையில் இருந்தவர்களின் தற்கொலைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து இதையே கண்டது. வெளியேறியவரை ஏழு நாளுக்குள் பார்க்க வேண்டும் என்ற விதி அங்கே வந்தது. பின்னர் அதுவும் போதாதென்று 72 மணி நேரமாகச் சுருங்கியது.

நோய் தணிந்துதானே வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அப்புறம் என்ன? நம் ஊரில் ஓர் அரசு மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் நாளைப் பாருங்கள். ஒரு மாத மாத்திரையை ஒரு கவரில் போட்டுக் கொடுத்து, 'ஒரு மாசம் கழிச்சு ரிவ்யூ' என்று சீட்டில் எழுதுகிறார்கள். கூட வந்த அம்மா எந்த மாத்திரை காலை, எந்த மாத்திரை இரவு என்று இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறார். வீட்டில் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். விடுப்பு எடுத்த அண்ணன் வேலைக்குத் திரும்புகிறான். பிள்ளையோ மருந்து மயக்கத்தில் பத்து மணிக்கு எழுந்து செல்போனைப் பார்க்கிறான். கூடப் படித்தவர்கள் வேலை, கல்யாணம் என்று போய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் பேச்சு நின்று நின்று வருகிறது. வார்டில் இருபத்துநான்கு மணி நேரமும் யாராவது கவனித்தார்கள். இப்போது முப்பது நாளைக்கு எவரும் இல்லை. மாயக்குரல் அடங்கிவிட்டது, முந்தைய பகுதியில் பார்த்த நோயுணர்வு தொடங்குவது இந்த இடைவெளியில்தான்.

நோயின் முதல் ஆண்டுகளும் இப்படியே. ஹாங்காங்கில் 2001இல் தொடங்கிய முன்கூட்டிய சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்த 617 பேரை, அது வருமுன் வழக்கமான சிகிச்சை பெற்ற 617 பேரோடு பன்னிரண்டு ஆண்டுகள் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். தற்கொலை மரணம் முறையே 4.4 சதவீதம், 7.5 சதவீதம். வித்தியாசம் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளிலேயே விழுந்தது. இரண்டு குழுவும் ஒரே காலத்தவை அல்ல என்பது இதன் குறை. நார்வேயின் ரோகலாண்டில் நோயை விரைவில் கண்டறியும் முயற்சி நடந்த பகுதிகளில், முதல் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் தீவிரத் தற்கொலை எண்ணங்கள் குறைவாக இருந்ததும் இதோடு ஒத்துப்போகிறது. பிரிட்டனில் இருபத்துநான்கு மணி நேர நெருக்கடிக் குழுக்களை அமைத்த பகுதிகளில் தற்கொலை விகிதம் குறைந்ததாக 2012இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வும் அதே பக்கம்.

ஆளைக் கணிக்கும் முயற்சி

இதற்கு நேர்மாறானது ஆளைத் தேடிய ஆய்வுகளின் கதை. 1983இல் அலெக்ஸ் போகோர்னி அமெரிக்காவின் ஹூஸ்டனில் மனநல வார்டில் சேர்ந்த 4,800 முன்னாள் படைவீரர்களைப் பின்தொடர்ந்த முடிவை வெளியிட்டார். 67 பேர் தற்கொலையால் இறந்திருந்தனர். கையிலிருந்த எல்லாத் தகவலையும் வைத்து அவர் வகுத்த கணிப்பு 803 பேரை 'உயர் ஆபத்து' என்று குறித்தது. அவர்களில் இறந்தவர் 30. மீதி 37 பேர் 'ஆபத்து குறைவு' என்று ஒதுக்கப்பட்டவர்களிடமிருந்தே இறந்தனர். அரிதாக நிகழும் ஒன்றை முன்னறிவிக்க முயன்றால் கணிதமே எதிராக நிற்கிறது.

2017இல் ஃபிராங்க்ளின் குழுவினர் ஐம்பது ஆண்டுகளின் 365 ஆய்வுகளை ஒன்றுசேர்த்தபோதும், நிலைமை நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல் என்றுதான் தெரிந்தது. 2022இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, ஆபத்தை 'உயர்', 'குறைவு' என்று பிரிக்கவும் எதிர்காலத்தைக் கணிக்கவும் அளவுகோல்களைப் பயன்படுத்த வேண்டாம் என்றே வழிகாட்டியது. ஸ்வீடன் தரவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டில் உருவான கணிப்பான் போன்ற புதிய கருவிகள் நம்பிக்கை தருகின்றன என்போர் உண்டு. ஒரு மருத்துவர் தம் நோயாளியோடு பேச்சைத் தொடங்க அவை உதவலாம். படுக்கையைப் பங்கிட அவற்றை நம்பலாமா என்பது வேறு விஷயம்.

குளோசபின்

மருந்துகளில் குளோசபினுக்கு மட்டும் இந்த விவாதத்தில் தனியிடம். 1975இல் பின்லாந்தில் வெள்ளணுக்கள் சரிந்து எட்டுப் பேர் இறந்ததால் பல நாடுகள் கைவிட்ட மருந்து இது. வேறெந்த மருந்துக்கும் கட்டுப்படாத நோய்க்கு இது பலன் தருகிறது என்று 1988இல் ஜான் கேன் நிறுவியபின், இரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. ஹெர்பர்ட் மெல்ட்சர் தலைமையில் 11 நாடுகளில் 980 பேரிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வு அதை ஒலான்சபின் என்ற இன்னொரு மனநோய் மருந்தோடு இரண்டு ஆண்டுகள் ஒப்பிட்டது. தற்கொலை முயற்சிகளும் அதையொட்டிய சேர்க்கைகளும் குளோசபின் குழுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. இதை முன்வைத்தே அமெரிக்க மருந்து நிர்வாகம், ஆய்வு அச்சில் வருமுன்பே, 2002 டிசம்பரில் தற்கொலை ஆபத்துக்கான மருந்தாக அதற்கு ஒப்புதல் அளித்தது.

விமர்சகர்கள் இரண்டைச் சுட்டுகின்றனர். ஆய்வுக்குப் பணம் தந்தது அம்மருந்தின் தயாரிப்பாளர்தான். மரணங்களில் வித்தியாசமே இல்லை: குளோசபின் குழுவில் ஐவர், மற்றதில் மூவர். ஆயினும் இரண்டு குழுவினரையும் ஒரே இடைவெளியில், முதல் ஆறு மாதம் வாரந்தோறும் பார்த்தார்கள். ஆகவே முயற்சிகள் குறைந்ததற்கு மருந்தைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம். அதே சமயம், ஆபத்து மிகுந்தவர்கள் என்று தேர்ந்தெடுத்த 980 பேரில் மொத்தம் எட்டு மரணமே நேர்ந்தது என்பதை அந்த வாராந்தரச் சந்திப்போடு சேர்த்துப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பின்லாந்தில் 66,881 பேரின் பதினோரு ஆண்டுத் தரவை ஆராய்ந்து 2009இல் டீகோனென் வெளியிட்ட முடிவும் குளோசபினுக்குச் சாதகம். ஆனால் உயிர்தப்பி அந்த மருந்து வரை வந்து சேர்ந்தவர்களை மட்டுமே கணக்கிட்டதால் அப்படித் தெரிகிறது என்று அதை மறுப்போரும் உண்டு.

இந்தியாவில் இம்மருந்து உள்ளூரில் தயாராகிறது, விலை தடையில்லை. ஆனால் தொடக்க மாதங்களில் கிராமத்திலிருந்து வாரந்தோறும் கூட ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, இரத்தம் கொடுத்து, மாலையில் ரிசல்ட் வாங்கித் திரும்ப வேண்டும். இருவருக்கும் ஒரு நாள் கூலி போகிறது. அதுதான் தடை.

இந்தியக் கணக்கு

இந்தியாவில் 2022இல் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. தமிழ்நாட்டில் 19,834 பேர். காரணங்களில் மனநோய்க்கு ஒரு கட்டம் உண்டு. அதற்குள் மனச்சிதைவு எவ்வளவு என்று அறிய வழியில்லை. காவல் நிலையத்தில் குடும்பம் சொன்னதே பதிவாகிறது. வயிற்று வலி என்று எழுதச் சொல்லும் குடும்பங்களும் உண்டு. 2015–16இன் தேசிய மனநல ஆய்வுப்படி, மனச்சிதைவு போன்ற நோய்கள் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் சிகிச்சையிலேயே இல்லை. டென்மார்க்கின் பதிவேடு காட்டும் 'வெளியேறிய முதல் வாரம்' அவர்களுக்கு வருவதேயில்லை.

வளரும் நாடுகளில் இந்நோயின் போக்கு மேலானது என்ற கருத்து உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளிலிருந்து பிறந்து, கூட்டுக் குடும்பத்தின் பெருமையாகவும் நெடுநாள் பேசப்பட்டது. சென்னையில் 1981–82இல் முதன்முறை நோய் கண்ட 90 பேரை இருபது ஆண்டுகளுக்கும் மேல் பின்தொடர்ந்த ஆய்வும் பலர் நன்கு தேறியதைக் காட்டியது. ஆனால் சிலர் தற்கொலையால் இறந்தனர். அந்த ஆய்வை நடத்திய ஸ்கார்ஃப் அமைப்பின் ஆர். தாராவே, கோஹன், படேல், குரேஜே ஆகியோரோடு சேர்ந்து 2008இல் அந்தப் பழைய நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கினார். மரணங்களையும் பாதியில் காணாமல்போனவர்களையும் சேர்க்காமல் 'நல்ல முடிவு' என்று சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதத்தின் ஒரு பகுதி.

செய்யத்தக்கது எது என்பதற்கும் சென்னையில் ஒரு தடயம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில் தற்கொலைக்கு முயன்று சிகிச்சைக்கு வந்த 1,867 பேரிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஒரு மணி நேர உரையாடலும், பதினெட்டு மாதத்தில் சில முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பதும் மட்டுமே சிகிச்சை. அது கிடைத்தவர்களில் தற்கொலையால் இறந்தவர் 0.2 சதவீதம், கிடைக்காதவர்களில் 2.2. இது மனச்சிதைவு நோயாளிகளுக்கென நடந்த ஆய்வு அல்ல. அவர்களுக்கும் பலிக்கும் என்று இப்போதே சொல்வது அவசரம். காஞ்சிபுரம் உள்ளிட்ட மூன்று இடங்களில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள் மனச்சிதைவு நோயாளிகளின் வீடு தேடிச் சென்ற ஆய்வு 2014இல் வந்தது. ஊனமும் அறிகுறிகளும் ஓரளவு குறைந்தன. 282 பேரை வைத்து மரணத்தைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

சட்டம் மாறியிருக்கிறது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார். அவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் அரசின் பொறுப்பு. 98ஆம் பிரிவு, டிஸ்சார்ஜுக்கு முன் நோயாளியோடும் குடும்பத்தோடும் கலந்து அடுத்த கட்டத்தைத் திட்டமிடச் சொல்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416இலும், தமிழ்நாட்டின் 104இலும் எந்நேரமும் தமிழில் பேசலாம். நோயாளி மட்டுமல்ல, வீட்டாரும் அழைக்கலாம்.

தீராத கேள்விகள்

வாழ்நாள் ஆபத்து ஐந்து சதவீதத்தை ஒட்டியது என்பதும், தொடக்க ஆண்டுகளிலும் மருத்துவமனையிலிருந்து வெளியேறிய வாரங்களிலும் அது குவிகிறது என்பதும் ஓரளவு உறுதி. சோர்வும் நம்பிக்கையின்மையும் குரல்களைவிட முக்கியம் என்பது பெரும்பாலும் ஏற்கத்தக்கது. நோயுணர்வு எப்போது காக்கிறது, எப்போது கெடுக்கிறது என்பதில் நல்ல கருதுகோள் இருக்கிறது. இழிவை உதறக் கற்பிக்கும் சிகிச்சையால் மரணம் குறைகிறதா என்று எவரும் காட்டவில்லை. மரணத்தைக் குறைப்பதில் குளோசபினின் பங்கையும் அதனோடு கூடவரும் அடிக்கடிச் சந்திப்பின் பங்கையும் முற்றாகப் பிரிக்கும் ஆய்வு இனி நடக்குமா என்பது ஐயமே. அதற்கு வேண்டிய எண்ணிக்கை அவ்வளவு பெரிது. பெண்களைப் பற்றிய சான்றுகள் மெலிந்தே இருக்கின்றன.

இந்தியாவுக்கு முதலில் தேவைப்படும் விடை இவற்றைவிட எளிமையானது. மனநல வார்டிலிருந்து வெளியேறியவர்களில் எத்தனை பேர் முதல் மாதத்தில் இறக்கிறார்கள்? மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் பதிவேடு ஓர் அலமாரியில் இருக்கிறது, மாநகராட்சியின் இறப்புப் பதிவேடு இன்னொன்றில். நாட்டின் பதிவான மரணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கே மருத்துவர் சான்றளித்த காரணம் உள்ளதால், இரண்டையும் பொருத்தினாலும் விடை முழுமையாக வராது. ஒரே ஒரு மாவட்டத்தில் பொருத்திப் பார்த்தால், ரிவ்யூவை ஒரு மாதம் என்று எழுதுவதா ஒரு வாரம் என்று எழுதுவதா என்று தீர்மானிக்கும் அளவுக்காவது வரும்.